இரண்டு வகைப் பூஜ்யம்

பகாவ் டவுனில் லிம் தவ்கேயின் கடையில்
மீட்டர்கள் அட்டையோடு தொங்கும்,
எலிப்பொறிக்கும் கொசுவர்த்திக்கும் நடுவே.
இருபத்தெட்டு வெள்ளிக்கு ஒன்று இருந்தது.
ஆயிரம் வோல்ட் என்று நெற்றியில் பெரிதாய்.
முதுகைத் திறந்து பார்த்தேன்.
குருணை அளவில் ஒரு கண்ணாடி ஃபியூஸ்.
'பேட்டரி பார்க்கத்தான் ஆகும், தவ்கே.'
'ஆயிரம் போட்டிருக்கு லா!'
போட்டால் என்ன,
எங்கள் லயத்துக் கக்கூஸ் கதவில்கூட
எவனோ சிங்கப்பூர் என்று எழுதிவைத்திருந்தான்.

மூன்று ஹீட்டர் வேலைக் கூலி போய்
நூற்று எண்பது வெள்ளி மீட்டர் கைக்கு வந்தது.
பீங்கான் ஃபியூஸ்.
விரல் வழுக்கி முன்னே போகாதபடி
கழுத்தில் வளையம் வைத்த ஊசிகள்.
ஓரத்தில் 'கேட் மூன்று' என்று பொடி எழுத்து.
பொடி எழுத்தைத்தான் நம்பினேன்.

சனிக்கிழமை இன்னாசியப்பன் வீடு.
எஸ்டேட்டை வெட்டிக் கட்டிய தாமான்,
குளியலறை ஜன்னலை இன்னும் செம்பனை மட்டை உரசுகிறது.
'மூணு நாளா பச்சத்தண்ணி, ஆயி.'

முதலில் கூடத்துப் பிளக்கில் வைத்தேன்:
இருநூற்று நாற்பத்தொன்று.
ஹீட்டர் பிரேக்கரை மட்டும் இறக்கி
ஹீட்டரில் வைத்தேன்: பூஜ்யம்.
மறுபடி கூடத்துப் பிளக்: இருநூற்று நாற்பத்தொன்று.
'என்னா, சிலுவைப்பாதை மாதிரி
போய்ப் போய் வர்றீங்க?'
'இதுல மூணே நிலைதான் அங்கிள்.'

கரண்ட் இல்லாத பூஜ்யம் ஒன்று.
மீட்டர் செத்துப்போன பூஜ்யம் ஒன்று.
திரையில் இரண்டுக்கும் ஒரே முகம்.

டயலை ஓமுக்குத் திருப்பினேன்.
சுருள் பதினாறு காட்டியது.
நல்ல எண்.
வெப்பம் மிஞ்சினால் அறுக்கும் கட்டவுட்டுக்கு
எண்ணே இல்லை, ஓஎல்.
பன்னிரண்டு வெள்ளிச் சாமான், பையிலேயே கிடக்கிறது.
ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஏனோ ஒரு ஊசியைச் சுருளிலும்
ஒன்றைச் செம்புத் தொட்டியிலும் வைத்தேன்.
பன்னிரண்டு கிலோ ஓம்.
பாதையே இருக்கக் கூடாத இடத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை.
பச்சை வயர் ஸ்க்ரூவில் இறுக்கமாய்த்தான் இருந்தது.
நீள வயர் இழுத்து
கூடத்து எர்த்தோடு பஸ்ஸரில் போட்டேன்.
சத்தமில்லை.
ஏணி போட்டுச் சீலிங்கைத் தள்ளினேன்.
பச்சை வயரின் நுனி
வெட்டப்பட்டு, டேப் சுற்றப்பட்டு,
கழுத்தில் துண்டு போட்ட மாப்பிள்ளை மாதிரி
அழகாய்ப் படுத்திருந்தது.

'மச்சான் வேலை. சும்மா சும்மா டிரிப் ஆச்சு, அதான்.'

கதவோரம் நின்ற பெலிசித்தா சொன்னாள்:
'போன வாரம் பைப்பைத் தொட்டா
எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு அக்கா.
இப்ப இல்ல.'

இப்போது ஏன் இல்லை என்று
எனக்குப் புரிந்தது.
அவர்களுக்கு எப்படிச் சொல்வது?
கெட்டுப்போன அந்தக் கட்டவுட்தான்
மூன்று நாளாய் வாசலை அடைத்துக்கொண்டு
உள்ளே கரண்டை விடாமல் நிற்கிறது.
அதை மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

'அத மட்டும் மாத்திக் குடுங்க.
மத்தத மச்சான் பாத்துக்குவான்.'
'மாத்த மாட்டேன் அங்கிள்.'
'காசு தர்றேன்ல?'
'புது ஹீட்டர், புது எர்த். இல்லன்னா பச்சத்தண்ணி.'

வயர்களைக் கழற்றி முனை மூடினேன்.
மூடியின் உட்பக்கம் வெள்ளை டேப் ஒட்டி
மார்க்கரில் எழுதினேன்:
பாடி 12 கிலோ ஓம். எர்த் இல்லை. மாட்டாதே.
வந்துபோன கூலி என்று இருபது வெள்ளி கொடுத்தார்,
முகத்தைப் பார்க்காமல்.
பெலிசித்தா கெட்டிலில் தண்ணீர் வைத்தாள்.

இரவு ஒன்பதுக்குப் போன்.
தெரியாத நம்பர்.
'நான் இன்னாசியோட மச்சான், அருளாந்து.'
திட்டுவான் என்று காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
'டேப்புல எழுதியிருந்தீங்களே.
அந்த மீட்டர் எங்க வாங்குனீங்க?'
'லிம் கடை. நூத்தி எம்பது.'
டிவியில் யாரோ சிரிப்பது கேட்டது.
'இருபத்தெட்டுக்கு ஒண்ணு தொங்குதே அங்க?'
'தொங்குது. நீங்க முதல்ல
அந்தப் பச்ச வயர மாட்டுங்க.'